வணக்கமா? வரியா?

உலகில் ஆளும் கூட்டத்தார் எந்நாட்டிலும் தொகையிற் சிலர், ஆளப்படுவோர் பலர். சிலர் பலரை அடக்கி வைத்திருப்பது எவ்வாறு என்னும் வினா அரசியல் நூலோரை மட்டுமன்றி, அறநெறியில் நாட்டமுடைய யாவரையும் நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்துள்ளது. தடியும் வாளும் துப்பாக்கியுமே காரணம் என்பது எளிதிற் கிடைக்கும் விடை. அவ்விடை பொய்யன்று, ஆயின் அது பாதி விடையே. தடியை ஓங்கிய கையும் ஒருநாள் சலிக்கும். ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு காவலனை நிறுத்த எந்த அரசனாலும் எந்த முதலாளியாலும் ஆகாது. அவ்வாறிருக்க, காவலன் இல்லாத இடத்திலும், இருளிலும், தன் சொந்த வீட்டினுள்ளும் ஒருவன் தன்னைத் தாழ்ந்தவனாகவே எண்ணி நடப்பானாயின், அங்கே அவனைக் காவல் புரிவது யாது?

அவனைக் காவல் புரிவது வழக்கம் என்பதே நமது விடை. ஊர் வழக்கம், குல வழக்கம், முன்னோர் வழக்கம் எனப் பல பெயர் பெற்று, இக்காலத்தில் பண்பாடு என்னும் அழகிய சொல்லாற் குறிக்கப்பெறும் பெரும்பொருளின் ஒரு பகுதியே அக்காவலன். இத்தாலி தேசத்து அந்தோணியோ கிராம்சி என்னும் அறிஞர் 1926-ஆம் ஆண்டு முசோலினியின் ஆட்சியினரால் சிறையிலிடப்பட்டு, சிறைக்குள்ளிருந்தே இவ்விஷயத்தை ஆராய்ந்து குறிப்பேடுகள் பல எழுதினார். வலியோரின் ஆட்சி வன்முறையால் மட்டும் நிற்பதன்று. எளியோரின் சம்மதத்தாலும் நிற்கின்றது. அச்சம்மதமோ பள்ளியிலும் கோயிலிலும் பத்திரிகையிலும் அன்றாடப் பழக்கத்திலும் சிறுகச் சிறுக விளைவிக்கப்படுவது என்பது அவர் கண்ட முடிபு. இம்முடிபை விளக்க நாம் இத்தாலிக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் முன்னோர் பிறந்த மண்ணிலும், அவர்கள் கடல் கடந்து வந்து உழைத்த இம்மலாயா மண்ணிலும் அதற்குச் சான்றுகள் உள்ளன.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூரில் நெடுங்காலம் தொண்டு புரிந்த சாமுவேல் மெட்டீர் என்னும் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டுப் புலையர் பேசிய பேச்சின் இயல்பைக் குறித்துள்ளார். புலையன் தன்னை ‘நான்’ என்று சொல்லுதல் ஆகாது. ‘அடியன்’ என்றே சொல்லவேண்டும். தான் உண்ணும் சோற்றைச் ‘சோறு’ என்னலாகாது. ‘கரிக்காடி’ என்றே குறித்தல் வேண்டும். இதன் கொடுமையை எண்ணிப் பார்மின்! பசி வந்தபோதெல்லாம், உணவைக் கேட்டபோதெல்லாம், வாய் திறந்தபோதெல்லாம் ஒருவன் தன் இழிவைத் தானே பறைசாற்ற வேண்டியிருந்தது. அடிமைத்தனம் ஓர் ஓலைச்சுவடியில் எழுதப்பட்டிருந்தால் அதனைக் கிழித்தெறியலாம். அது நாவிலேயே எழுதப்பட்டிருக்குமாயின், தாய் தன் மகவுக்குப் பேசக் கற்பிக்கும்போதே அதனையும் கற்பித்து விடுகின்றாள்.

அடுத்து உடை. அதே திருவிதாங்கூரில் 1855-ஆம் ஆண்டு அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் நாடார் குலப் பெண்டிர் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்தல் கூடாதென்ற வழக்கம் அச்சட்டத்தால் அசையவில்லை. மறைத்த பெண்டிர் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர். 1858, 1859-ஆம் ஆண்டுகளிற் பெருங்கலகம் விளைந்தது. இறுதியில் 1859 ஜூலையில் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, அப்பெண்டிர் மேலாடை அணியலாம் எனப் பிரகடனம் செய்தார். ஆயின் அப்பிரகடனத்தில் ஒரு கட்டுப்பாடு வைக்கப்பட்டிருந்தது. மறைக்கலாம், மேல்சாதிப் பெண்டிர் அணியும் விதமாக மட்டும் அணியலாகாது! நாணம் காத்தலே நோக்கமாயின் எவ்விதம் அணிந்தாலென்ன? மேலோர் அஞ்சியது துணிக்கு அன்று, ஒப்புமைக்கே. இரு பெண்கள் தெருவில் நடந்து செல்லுங்கால், இவள் இன்னாள், அவள் இன்னாள் என்று கண்டவுடன் தெரியாமற் போய்விடுமே என்பதுதான் அவர்களது கவலை.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். வழக்கம் தானாக நடந்துவரும் வரையில் அதற்குச் சட்டமும் வேண்டுவதில்லை, அடியாளும் வேண்டுவதில்லை. ‘இன்னது செய்யாதே’ என்று உரக்கக் கூவ நேர்ந்த அன்றே, அவ்வழக்கத்திற்கு உள்ளூர உயிர் போய்விட்டது எனலாம். இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அங்கே ஆதிதிராவிட மக்களுக்கு நிலமுடைய சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தக்கூடாது, சட்டையும் பனியனும் ஆகா, தலைமயிர் கத்தரித்துக்கொள்ளலாகாது, வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாத்திரம் இருத்தலாகாது, பெண்டிர் மேலுடம்பை மறைக்கலாகாது, பூவும் மஞ்சட்பூச்சும் கூடா, குடையும் செருப்பும் கூடவே கூடா. மறுத்தோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகின. அவர்தம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, மிராசுதாரின் மாடுகளையே மேய்க்கவேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும்.

குடை மழைக்கும் வெயிலுக்கும் உரியது. ஒருவன் குடை பிடித்தலால் மற்றொருவன் வயலில் ஒரு நெல்மணியும் குறையாது. அவ்வாறாகவும் குடையின் பொருட்டுக் குடிசை எரிக்கப்பட்டது ஏன்? மிராசுதாரின் வயலில் அரைவயிற்றுக் கஞ்சிக்கு ஒருவன் உழைப்பது, அவன் தன்னை அரைமனிதனாக எண்ணியிருக்கும் வரையிற்றான். குடை பிடித்து, செருப்பணிந்து, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டி நிமிர்ந்து நடப்பவன் நாளை முழுக்கூலி கேட்பான் என்பது நிலக்கிழாருக்கு நன்கு தெரியும். ஆதலின் பண்பாட்டின் பெயரால் காக்கப்படுவது பலவேளைகளில் பண்பாடன்று. கூலிக் கணக்கே என்க.

இனி, கடல் கடந்து வருவோம். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களினின்று நம்மவர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தபோது, மூட்டை முடிச்சுகளோடு ஊரின் படிக்கட்டையும் சுமந்து வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. ஆயின் ஆள் சேர்க்கும் பணி கங்காணிகளிடமே இருந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தான். ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றான். ஊரிற் பெரியவனாக மதிக்கப்பட்டவன் தோட்டத்திலும் பெரியவனாக நின்றமையின், அவன் சொல்லை மீறுதல் முதலாளியை மீறுதலாக மட்டுமன்றி, குலமரபை மீறுதலாகவும் தோன்றிற்று. சாதிக்கொரு லயம் என்று குடியிருப்பைப் பிரித்த தோட்டங்களும் இருந்தன. வெள்ளைத் துரைக்கு இவ்வேற்பாட்டினும் வசதியானது வேறொன்று உண்டோ? காவலனுக்குக் கூலி கொடுக்காமலே, தமிழரின் பழக்கத்தைக் கொண்டே தமிழரைக் காவல் செய்வித்தான்.

மொழியும் இதற்குத் துணை நின்றது. நம் மொழியில் ‘வா’, ‘வாரும்’, ‘வாருங்கள்’ என வினையின் ஈற்றிலேயே மதிப்பின் அளவு அமைந்துள்ளது. தேயிலை, ரப்பர்த் தோட்டத் துரைமார் கற்பதற்கென்று இலங்கையில் ‘கூலித் தமிழ்’ என்னும் பெயராலேயே ஒரு பாடநூல் அச்சிடப்பட்டது. தமிழ் என்பது ஒன்றிருக்க, கூலிக்கென ஒரு தமிழ்! துரை கற்றது பெரும்பாலும் ஏவற்றமிழ். ‘நீங்கள்’ என்பதற்கு அதில் அதிக வேலையில்லை. தன் மகன் வயதொத்த இளந்துரை ‘டேய்’ என்று விளிக்க, நரைத்த கிழவன் ‘ஐயா’ என்று விடை கூறுவது பிரட்டுக் களத்தின் அன்றாட வழிபாடாயிற்று.

வலியோர் எளியோரின் வழக்கத்தை ஆள்வதோடு அமையார்; அவர்தம் இயல்பு இன்னது என்று தீர்ப்பும் எழுதிவிடுவர். தமிழன் சாது, அடங்கி நடப்பவன், ஆதலின் தோட்ட வேலைக்கு ஏற்றவன் என்பது தோட்ட முதலாளிகளின் பேச்சு. மலாய்க்காரர் சோம்பேறிகள் என்பது அவர்களது மற்றொரு பேச்சு. பேராசிரியர் சையத் ஹுசேன் அலத்தாஸ் 1977-இல் வெளியிட்ட தமது ஆராய்ச்சி நூலில் இந்தப் பிந்திய பேச்சின் வேரை அம்பலப்படுத்தினார். தன் நெல்வயலிலும் மீன்பிடி தொழிலிலும் உழைத்துப் பிழைத்த மலாய்க்காரர் அயலான் தோட்டத்திற்குக் கூலியாக வர மறுத்ததே ‘சோம்பல்’ எனப் பெயரிடப்பட்டது. ஆகவே, வர மறுத்தவன் சோம்பேறி. வந்து சிக்கியவன் சாது! இரண்டும் முதலாளியின் தேவையை அளந்த அளவுகோல்களேயன்றி, இரு சமூகத்தாரின் இயல்பை அளந்தவை அல்ல. எனினும் அச்சொற்கள் பன்முறை சொல்லப்பட்டுச் சொல்லப்பட்டு, இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அவ்வாறே நோக்கத் தலைப்பட்டனர் என்பதை மறுக்கவியலுமோ?

‘சாது’ என்ற அப்பட்டம் 1941-ஆம் ஆண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கிழிந்தது. பால்வெட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒன்று திரட்டியவருள் முதன்மையானவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையிற் பணிபுரிந்த ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்டிரின் மானத்திற்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். அவற்றோடு ஒரே வரிசையில் மற்றொன்றையும் கேட்டனர். வெள்ளை அதிகாரிகளுக்கும் ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் எதிரே தொழிலாளி சைக்கிளினின்று இறங்காமல் ஏறிச் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது. சர்க்கார் அளித்த மறுமொழி பட்டாளம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கூலியும் மருந்தும் கல்வியும் பெரிய விஷயங்கள். சைக்கிளைவிட்டு இறங்குவது அற்ப விஷயமன்றோ, அதனை ஏன் அவற்றோடு சேர்த்தனர் என்று சிலர் வினவக்கூடும். தொழிலாளர் நம் நூலோர் பலரினும் தெளிவாகச் சிந்தித்தனர் என்றே நாம் கருதுகின்றோம். துரையின் எதிரே வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்பவன், அத்துரையின் எதிரே நின்று கூலி கேட்க எங்ஙனம் நாவெடுப்பான்? நாள்தோறும் காலால் ஒப்புக்கொண்டதை ஒருநாள் வாயால் மறுத்தல் எளிதன்று. இராமநாதபுரத்துக் குடைக்கும் கிள்ளான் சைக்கிளுக்கும் இடையே கடல் கிடக்கின்றது, கருத்தில் இடைவெளியில்லை.

அக்கோரிக்கையில் ‘ஆசிய உத்தியோகஸ்தர்’ என்ற சொல் இருப்பதை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். இறங்கு என்றவன் வெள்ளையன் மட்டுமல்லன். நம் நிறத்தவனும், நம் மொழியோ அதற்கு அண்மையான மொழியோ பேசியவனுமான கிராணியும் அவ்வணக்கத்தைத் தண்டினான். துரையின் முன் கைகட்டி நின்று தான் செலுத்தியதைத் தோட்டத்துப் பாதையில் தொழிலாளியிடமிருந்து அவன் திரும்பப் பெற்றான். அறிஞர் அம்பேத்கர் சாதிமுறையைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று விளக்கியது இங்கே முழுதும் பொருந்தும். ஏணியின் ஒவ்வொரு படியிலுள்ளவனுக்கும் மிதிக்க ஒருவன் கீழே இருப்பதால், மேலே தன்னை மிதிப்பவனை அவன் மன்னித்து விடுகின்றான். முதலாளி தன் பணப்பெட்டியைத் திறவாமலே இடைப்படியினருக்கு அளிக்கும் சம்பளம் அது. கும்பிடாக அளிக்கப்படும் அச்சம்பளத்தை இழக்க மனமின்றியே, பிறர் விடுதலைக்குக் குறுக்கே நிற்போர் உலகிற் பலர்.

அங்ஙனமாயின் மரியாதை என்பதே ஒழியவேண்டுமோ? ஒருவர்க்கொருவர் வணக்கம் செலுத்துதல் மக்கட்பண்பு அன்றோ? இவ்வையம் நேர்மையானது, இதற்கு விடை கூறாது விடுதல் தகாது. மரியாதையையும் அடிமைக்குறியையும் பிரித்தறிய இரண்டு வினாக்கள் போதும் என்பது நம் கருத்து.

முதல் வினா: செலுத்த மறுத்தால் தண்டனை உண்டா? மனமுவந்து அளிப்பது வணக்கம். மறுத்தால் வேலை போகும், அடி விழும், குடிசை எரியும் என்றால் அது வணக்கமன்று. பணமாக வாங்கப்படாத வரி.

இரண்டாம் வினா: அது என்றேனும் திரும்பி வருமா? இளையோன் முதியோனை வணங்குகின்றான். இன்றைய இளையோன் நாளைய முதியோன்; அவ்வணக்கம் சுற்றிச் சுற்றி வந்து யாவரையும் சேரும். மாணாக்கன் ஆசிரியனை வணங்குகின்றான். அவனும் ஒருநாள் கற்பிப்பவன் ஆகலாம். ஆயின் பால்மரம் வெட்டியவன் எண்பது வயது வாழ்ந்திருந்தாலும் துரையாகியிருக்க மாட்டான். புலையன் எத்துணை அறிவு பெற்றிருந்தாலும் அவனை நோக்கி எவனும் ‘அடியன்’ என்றிருக்க மாட்டான். ஒரே திசையில் ஓடி, என்றும் திரும்பாத வணக்கம் எதுவோ அதுவே ஆதிக்கத்தின் வாய்க்கால்.

மற்றொரு தடையும் எழுப்பப்படும். அயல்நாட்டில் நம்மவரை அழியாது காத்தது பண்பாடே. கோயிலும் திருவிழாவும் கூத்தும் தாய்மொழியும் இல்லாதிருந்தால் அவர்கள் தோட்டக் காட்டில் எண்களாகவே மடிந்திருப்பர். அதனைக் குறைகூறுவது நன்றிகேடு என்பர். இதில் உண்மை மிகுதியும் உண்டு. ஆயின் பண்பாடு ஒற்றைப் பொருளன்று. துணிவைத் தருவதும் அதனுள் உண்டு. முதுகை வளைப்பதும் அதனுள் உண்டு. கள் தமிழ்த் தொழிலாளிக்குப் பழகிய பானம், கடையை மூடினால் கள்ளச் சாராயத்தையன்றோ நாடுவான் என்று கூறித் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை நடத்தியோர் உண்டு. 1946, 1947-ஆம் ஆண்டுகளிற் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை அமைத்து அக்கடைகளை எதிர்த்தோரும் அதே தமிழ்த் தொழிலாளரே. இவ்விரண்டுள் எது தமிழர் வழக்கம்? எதனை வழக்கமென ஏற்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை யாரிடம் உள்ளதோ அவரே பண்பாட்டின் உடையவர். அவ்வுரிமையை உழைப்போர் கையிலெடுத்த அன்று பண்பாடு அழியவில்லை, உடையவர் மாறினர்.

மனித இயல்பு மாறாதது என்போருக்கு ஒன்று சொல்வோம். 1941-இல் ‘சாது’ எனப்பட்ட அதே தோட்டத்து மக்களிற் பல்லாயிரவர், 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். 1942 பிப்ரவரியிற் சிங்கப்பூரில் வெள்ளையர் ஜப்பானியரிடம் சரணடைந்ததைக் கண்ட கண்கள், பிறகு துரையைப் பழைய துரையாகக் காணவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஓர் இனத்தின் குருதி மாறிவிடுமோ? மாறியது குருதியன்று, கண்ணைக் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது.

வணங்கியோரைக் குற்றம் கூறுதல் அறமாகாது என்பதையும் இங்கே வலியுறுத்த விரும்புகின்றோம். பசித்த மக்களை வீட்டில் வைத்துக்கொண்டு சைக்கிளினின்று இறங்கியவனை, வயிறு நிறைந்த நாம் கோழை என்னலாகாது. வேண்டாமென்று சொல்லக்கூடிய நிலையிலிருந்தும் அவ்வணக்கத்தை வாங்கிக்கொண்டவனே அறத்தின் முன் விடை கூறவேண்டியவன். ‘இறங்க வேண்டாம், போ தம்பி’ என்று ஒரு கிராணி சொல்லியிருந்தால் அவனது மாதச் சம்பளத்தில் ஒரு காசும் குறைந்திராது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கு உழைத்தோரின் வழித்தோன்றல்கள் நகரங்களில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களுட் பலர் இன்று அலுவலகங்களிலும் கடைகளிலும் மேலாளராக அமர்ந்துள்ளனர். வீட்டிற் பணிப்பெண் வைத்துள்ளனர். கட்டுமானப் பணிக்கென வங்காளதேசத்தினின்றும் தமிழகத்தினின்றும் புதியோர் வந்து உழைக்கின்றனர். சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பதைச் சட்டத்தால் விதிக்க 2013-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஓய்வைச் சட்டம் விதிக்கலாம். அவளை எந்தச் சொல்லால் அழைப்பது, எந்தக் குவளையில் அவளுக்கு நீர் கொடுப்பது, உண்ணும்போது அவளை எங்கே அமரச்செய்வது என்பவற்றைச் சட்டம் விதியாது. தாயகத்தினின்று வந்த தொழிலாளியை நாம் ‘வாருங்கள்’ என்கிறோமா, ‘வா’ என்கிறோமா? பேருந்தில் அவன் அருகே அமர்ந்தால் நம் முகம் எவ்வாறு மாறுகின்றது?

தம் பாட்டனார் எந்தச் சைக்கிளினின்று இறங்க நேர்ந்ததோ, அதனினின்று பிறரை இறங்கச் சொல்லும் இடத்தில் பேரர் இன்று நிற்கின்றனர். இவ்வழக்கங்களுக்குச் சட்டமில்லை, காவலனில்லை. அவற்றை நடத்துவதும் நிறுத்துவதும் முற்றிலும் நம் கையில் உள்ளன. ஆகவே அன்பர்காள், நம் இல்லத்திலும் தொழிலிடத்திலும் நாம் பெற்றுவரும் ஒவ்வொரு வணக்கத்தையும் மேற்கூறிய இரு வினாக்களால் சோதித்துப் பார்ப்போமாக. வரி என்று தெரிந்ததை இன்றே தண்டாது விடுவோமாக. தமிழரின் பண்பாடு பெரிதென்று மேடையிற் பேசுவோர்க்கு அதனை மெய்ப்பிக்க இதனினும் நல்ல வழி வேறில்லை.